கையைப் பிடித்திருந்தவள்

எந்த வீட்டுக்குப் போனாலும் கொக்கு தன் பார்வையை அறையின் நடுவில்தான் வைத்துக்கொள்வான். பேசுகிறவரின் முகம், மேசை மேல் இருக்கும் டம்ளர், ஒன்றும் இல்லாவிட்டால் தன் கால் விரல்கள். சுவரும் சுவரும் சேரும் இடத்துக்குக் கண் போகாமல் காத்துக்கொள்வான். அங்கே சாத்தி வைத்த துடைப்பமோ, கைப்பிடி உடைந்த வாளியோ, ஜோடி தவறிய செருப்போ கண்ணில் பட்டுவிட்டால் அன்றைய தூக்கம் போச்சு.

பிறவியில் வந்த பயம் இல்லை இது. பார்க்கும் வேலையிலிருந்து வந்தது.

கழுத்தும் நீளம், காலும் நீளம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் திரையைக் கொத்தப்போகிறவன் மாதிரி தலையை நீட்டுவான். அதனால் கல்லூரி சேர்ந்த முதல் வாரத்திலேயே அவன் கொக்கு ஆகிவிட்டான். அந்தப் பெயரை வைத்தவனுக்கும் சீக்கிரமே ஒரு பெயர் விழுந்தது. ஒரு லேப் பரீட்சையில் அவன் எழுதிய ப்ரோகிராம் கடைசி வரை ஓடவில்லை. வியர்த்து வடிந்துகொண்டிருந்தவனின் தோளுக்கு மேலாகக் குனிந்த மேடம், ஒரே ஒரு செமிகோலனைத் தட்டினார். ஓடிற்று. "இதுக்காடா இவ்வளவு நேரம் சாமியெல்லாம் கூப்பிட்ட?" என்றார். அன்றிலிருந்து அவன் செமிகோலன். அவன் அம்மாவே சில சமயம் மறந்துபோய் அப்படிக் கூப்பிடும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைசி வருடத்தில் கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி வெள்ளைப் பலகையில் பெரிய மரம் ஒன்று வரைந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் போகக்கூடிய வழிகளெல்லாம் அதன் கிளைகள். மென்பொருள் எழுதலாம், பிறர் எழுதியதைச் சோதிக்கலாம், நெட்வொர்க் பக்கம் போகலாம், தகவல் பாதுகாப்பு இருக்கிறது, டேட்டா இருக்கிறது, மேலே படிக்கலாம், சொந்தமாக ஆப் செய்து பெரிய ஆளாகலாம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிறம்.

"சார், இந்த மரத்துல ஏறத் தெரியாதவன் என்ன சார் பண்றது?" என்று செமிகோலன் எழுந்து கேட்டான்.

"கீழ நின்னு விழுந்த பழத்தைப் பொறுக்கு."

வகுப்பே சிரித்தது. செமிகோலன்தான் அதிகம் சிரித்தான்.

படிப்பு முடிந்த பிறகு இருவரும் சேர்ந்தே வேலை தேடினார்கள். ஒரே பைக், ஒரே இஸ்திரி போட்ட சட்டை. ஒருவன் காலையில் போட்டுவந்ததை மற்றவன் மதியம் போட்டுப் போவான். "புதுசா முடிச்சவங்க வேணும், அனுபவமும் வேணும்னு ஒரே விளம்பரத்துல போடுறாங்கடா. பொறந்த குழந்தை வேணும், ஆனா மீசை இருக்கணுமாம்" என்பான் செமிகோலன். ஒரு நாள் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நேர்முகம் வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். வேலையின் பெயர் ப்ராசஸ் அனலிஸ்ட். என்ன ப்ராசஸ், எதை அனலைஸ் செய்வது என்று அங்கே வந்திருந்த யாருக்கும் தெரியாது. எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினார்கள். உள்ளே ஒரு பெண் எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டாள்: மனத்தைச் சங்கடப்படுத்தும் காட்சிகளை நாள் முழுக்கப் பார்க்க முடியுமா?

"முடியாது மேடம். கோழிக்கடையிலேயே நான் திரும்பி நிப்பேன்" என்று சொல்லிவிட்டு செமிகோலன் வெளியே வந்தான். அப்போதும் சிரித்துக்கொண்டேதான் வந்தான். கொக்கு முடியும் என்றான். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டிருந்தது. தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அவன் இருந்த நிலையில் அந்தப் பெண் என்ன கேட்டிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பான்.

செமிகோலன் முதுகில் பெட்டிப்பை மாட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். "கொஞ்ச நாளைக்குத்தான்டா. ஒரு கோர்ஸ் படிச்சிட்டிருக்கேன். முடிச்சதும் மரத்துல ஏறிடுவேன்."

கொக்குவின் வேலை இதுதான். உலகம் முழுக்க ஆட்கள் வீடியோ ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை யாராவது பார்த்துவிட்டு, இது இருக்கக்கூடாது என்று புகார் செய்கிறார்கள். புகாரான வீடியோக்கள் வரிசையாக அவன் திரைக்கு வரும். விடலாமா, மறைக்கலாமா, நீக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போனை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

"பையன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று அப்பா பழைய நண்பர்களிடம் சொல்லிக்கொண்டார். அம்மாவுக்கு அது போதவில்லை. "கம்ப்யூட்டர்ல என்னடா பண்ற?" என்று குடைந்தாள். "வீடியோ பாக்குறேம்மா" என்றான் அவன்.

"அப்ப நானும் அந்த வேலைதான் பாக்குறேன், எனக்கு ஏன் திட்டு விழுது?" என்று தங்கை போனிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான்.

முதல் வாரம் அவன் கழிவறையில்தான் பாதி நேரம் இருந்தான். பக்கத்து இருக்கையில் சுருட்டை முடிக்காரன் ஒருவன் இருந்தான். கொக்குவைவிடக் கொஞ்ச நாள்தான் முன்னால் சேர்ந்தவன். இந்தத் தொழிலில் கொஞ்ச நாளே ஒரு யுகம். அவன்தான் வழி சொன்னான்.

"கலரை எடுத்துடு, கறுப்பு வெள்ளை ஆக்கிடு. சவுண்டு போடாத. படத்தைச் சின்னதாக்கு. முக்கியமா ஒண்ணு, நடுவுல பாக்காத. என்ன நடக்குதோ அது நடுவுலதான் நடக்கும். நீ மூலையைப் பாரு. கடைக்கண்ணுல தெரியிறது போதும், கை தானா பட்டனை அமுக்கிடும்."

"மூலைல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தான் சொல்றேன்."

கொக்கு அதைக் கற்றுக்கொண்டான். நன்றாகவே கற்றுக்கொண்டான். வேகத்துக்கும் பிசகாத தீர்ப்புக்குமாக அவன் பெயர் ஒவ்வொரு மாதமும் சுவர்ப் பலகையில் ஏறிற்று. ஷிஃப்ட்டைக் கவனித்துக்கொண்டிருந்த லீட் அக்கா அவனைக் காட்டித்தான் புதியவர்களுக்குப் பாடம் நடத்தினாள்.

ஆனால் மூலைகளில் ஒன்றும் இல்லை என்று சுருட்டை சொன்னது தப்பு. நடுவில் நடந்ததெல்லாம் உண்மையிலேயே மறந்துபோயிற்று. மூலையில் இருந்தவை போகவில்லை. யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் கோணலாக மாட்டிய கடிகாரம். ஒரு குழந்தையின் மூன்றுசக்கர சைக்கிள். கம்பி வளைந்த குடை. சூரியகாந்திப் பூப் போட்ட துணிப்பை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன நடந்தது என்பது நினைவில் இல்லை, ஏதோ நடந்தது என்பது மட்டும் இருந்தது. அந்தச் சாமான்கள் அவனோடு பஸ் ஏறி, அவன் வீட்டு மூலைகளில் வந்து உட்கார்ந்துகொண்டன. தங்கை மேசையின் காலருகே பையைப் போட்டால், "எடுத்து உள்ள வை" என்று கத்துவான். "பைதானே அண்ணா, பாம்பா?" என்பாள் அவள்.

அன்று வந்த வீடியோ மற்றவை போலத்தான் வந்தது. ஈரத் தெரு. மேல் வலது மூலையில் பாதி இறக்கிய கடை ஷட்டர். கீழ் இடது மூலையில் பெட்டிப்பை ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் அகலப் பட்டை போட்ட துணியில் உறை. நடுவில் யாரோ படுத்திருந்தது கடைக்கண்ணில் தெரிந்தது. நீக்கினான். அடுத்தது வந்தது.

வேலை முடிந்து பெட்டியைத் திறந்து போனை எடுத்தபோது அது நிற்காமல் அதிர்ந்தது. செமிகோலன் ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான்.

கொக்குவுக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அழுதான், ஓடினான், எல்லாம் முடிகிற வரை கூடவே நின்றான். கூடப் படித்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக அலுவலகங்களிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே செமிகோலனின் அம்மா அழவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். போலீஸ்காரரிடம் கேட்டார். ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப் போய்க் கேட்டார். இப்போது கொக்குவிடம்.

"தம்பி, என் புள்ள அங்க தனியாவா கிடந்தான்? பக்கத்துல ஒருத்தர்கூடவா இல்ல?"

"தெரியலம்மா" என்றான் கொக்கு.

"ஆம்புலன்ஸ் வர நேரமாச்சாம். அந்த நேரம் யாரு இருந்தாங்க? யாராவது தொட்டாங்களா? இருட்டுல தனியா படுக்கவே பயப்படுற புள்ளடா அது."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் கண் நழுவிற்று. நழுவி, போகக்கூடாத இடத்துக்கு, அறையின் மூலைக்குப் போயிற்று. அங்கே அவருடைய தையல் மெஷின் இருந்தது. அதன் மேல் அகலப் பட்டை போட்ட துணி ஒரு முழம் மிச்சமாகத் தொங்கிற்று.

"அதா? ஜன்னல் திரை தச்சது போக மீதி" என்றார் அவர், அவன் பார்ப்பதைப் பார்த்து. "மழையில பை நனையுது, சாப்பாடு ஆறிப்போகுதுன்னு சொன்னான். அதான் அந்தத் துணியில ஒரு உறை தச்சுக் குடுத்தேன்."

கொக்கு வெளியே வந்து தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். நாலு வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவன். ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டவன். நடுவில் பார்த்திருந்தால் கறுப்பு வெள்ளையில்கூட, கட்டைவிரல் அளவுப் படத்தில்கூட அடையாளம் தெரிந்திருக்கும். அவன் பையைப் பார்த்தான், பட்டனை அமுக்கினான், அடுத்ததற்குப் போனான்.

மறுநாள் லீட் அக்காவிடம் போனான். நீக்கிய வீடியோ உடனே அழிந்துவிடாது, ஏற்றியவர் முறையிட்டால் திரும்பப் பார்ப்பதற்காகக் கொஞ்ச காலம் வைத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, ஒண்ணை மறுபடி பாக்கணும். கலரோட, சவுண்டோட, முழுசா."

"ஏன்? தப்பா எடுத்துட்டியா?"

"இல்ல. சரியாத்தான் எடுத்தேன். அது என் ஃப்ரெண்டு."

லீட் அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். அவளுக்கு வாயில் எப்போதும் ஒரு மிட்டாய் இருக்கும், அதைக் கடிப்பதை நிறுத்தினாள்.

"தெரிஞ்சவங்கன்னா கையை எடுத்துடணும். ரூல் தெரியும்ல உனக்கு?"

"அவங்க அம்மா கேக்குறாங்க அக்கா. பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு. அது ஒண்ணுதான் கேக்குறாங்க. பதில் அதுல இருக்கு."

"நீ பாக்கக்கூடாது. ரூலுக்காகச் சொல்லல. பாத்தன்னா அப்புறம் நீ நீயா இருக்கமாட்ட. போ, போய் டீ குடி."

அவன் டீ குடிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்து அவள் வந்து, இரண்டு படி மேலே உட்கார்ந்தாள். கண்ணைக் கழுவியிருந்தாள், முடியோரம் ஈரமாக இருந்தது.

"நான் பாத்துட்டேன். சொல்லவா?"

"சொல்லுங்க."

"யாரும் இல்லடா. ஆளுங்க நின்னாங்க, நிறையப் பேர். ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிட்டிருக்கார். ஆனா யாரும் கிட்ட போகல. பயம். தொட்டா கேஸாயிடுமோன்னு. அவன் கையைத் தூக்கித் தூக்கிப் பாக்குறான். அவ்வளவுதான்."

பிறகு அவளே சொன்னாள்: "நடுவுலதான்டா பாத்தேன். முழுசும்."

அந்த வார இறுதியில் கொக்கு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்வதா, தெரியாது என்றே இருந்துவிடுவதா என்று பஸ்ஸில் முழுக்க யோசித்தான். செமிகோலனின் அக்கா கதவைத் திறந்தாள். "அம்மா சரியா சாப்பிட்டே நாளாச்சு. நீயாவது சொல்லிப் பாரு" என்றாள். உள்ளே அம்மா ஏறிட்டுப் பார்த்தார். கேள்வி அதேதான், இப்போது வாயைத் திறந்து கேட்கக்கூட இல்லை.

"இருந்தாங்கம்மா" என்றான் கொக்கு. "ஒரு அம்மா இருந்தாங்க."

"யாரு?"

"யாருன்னு தெரியல. அங்க நின்ன ஒருத்தர் என்கிட்ட சொன்னார். ரோட்டுலயே உக்காந்துட்டாங்களாம். அவன் கையைப் பிடிச்சுட்டே இருந்தாங்களாம், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்."

"மழை பெஞ்சுதே?"

"குடை பிடிச்சாங்க." குடைக்கு ஒரு உருவம் வேண்டியிருந்தது. அவனிடம் ஒன்று இருந்தது. "ஒரு கம்பி வளைஞ்ச குடை."

"வயசானவங்களா?"

"உங்க வயசிருக்கும். கைல ஒரு துணிப்பை. சூரியகாந்திப் பூ போட்டது."

சொல்லச் சொல்ல அவள் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் வேறொருவருடைய வீட்டிலிருந்து, வேறொருவருடைய கடைசி நேரத்தின் ஓரத்திலிருந்து எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. அவன் நிறுத்தியபோது அந்தப் பெண் அறையில் நிற்பதுபோல் இருந்தது. செமிகோலனின் அம்மா அன்றுதான் அழுதார். அழுது முடித்து, தட்டைப் போடச் சொன்னார். வாசல் வரை வந்த அக்கா, "நல்லாயிருப்ப" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில நாள் அவன் நிம்மதியாக இருந்தான் என்றே சொல்ல வேண்டும். பிறகு செமிகோலனின் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா தினம் சாயங்காலம் அந்தத் திருப்பத்துல போய் உக்காந்துக்கிறாங்க. அந்த அம்மாவைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணுமாம். போற வர்ற பொம்பளைங்க கையில இருக்கிற பையையெல்லாம் பாக்குறாங்க. ஒருத்தர் திருடின்னு நினைச்சுத் திட்டியிருக்காங்க. உன்கிட்ட சொன்னவர் யாரு? அவரைக் கேட்டா அந்த அம்மா எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"கேட்டுப் பாக்குறேன் அக்கா" என்றான்.

அன்று முதல் அந்தக் குடைக்காரப் பெண் அவனையும் விடவில்லை. இல்லாத ஒருத்தியை உண்டாக்கிவிட்டால் அவள் எங்கேதான் போவாள்? பஸ் ஜன்னலில் அவள் முதுகு தெரிந்தது. வளைந்த குடையை யாராவது விரித்தால் அவன் நின்றான். வேலையில் ஒவ்வொரு வீடியோவிலும் அவளைத் தேடினான். கீழே கிடப்பவர்களின் பக்கத்தில், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, எங்காவது ஓர் இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கக்கூடாதா என்று. அவனுடைய எண்ணிக்கை சரிந்தது, பலகையிலிருந்து பெயர் இறங்கிற்று.

"என்னடா, நடுவுல பாக்க ஆரம்பிச்சுட்டியா?" என்று சுருட்டை மெதுவாகக் கேட்டான்.

லீட் அக்கா அவனைக் கூப்பிட்டு வேறு பிரிவுக்கு மாற்றி எழுதட்டுமா என்றாள். வீடியோக்களைப் பார்க்க மிஷினுக்கே சொல்லிக்கொடுக்கும் பிரிவு ஒன்று வருகிறது. படித்த படிப்புக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் உள்ள வேலை. யோசித்துச் சொல்கிறேன் என்றான். அதற்கு முன்னால் முடிக்க வேண்டியது ஒன்று இருந்தது. பொய்யைத் திரும்ப வாங்க வேண்டும். அப்படி யாரும் இல்லையம்மா, நான் சொன்னது பொய், இனி நீங்கள் இங்கே உட்கார வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து நேராக அந்தத் திருப்பத்துக்குப் போனான். போகும் வழியெல்லாம் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

செமிகோலனின் அம்மா பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் இருந்தார். புடவை முழங்கால் வரை சேறு. தலை கலைந்திருந்தது. பதறிப்போய் ஓடினான்.

"என்னம்மா ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, உக்காரு." அவர் முகத்தில் அவன் இதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. "ஒரு பொண்ணு, ஸ்கூட்டர்ல வந்துச்சு. அதே இடம். சறுக்கிட்டுப் போய் அந்தக் கல்லுல மோதிடுச்சு. எல்லாரும் போனை எடுத்துட்டு நின்னானுங்க. நான் போய் உக்காந்துட்டேன்."

"அந்தப் பொண்ணு?"

"முழிச்சுட்டுதான் இருந்துச்சு. கால்தான் போச்சுன்னாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. பொழைச்சுக்கும். என் கையை விடவே இல்லப்பா. அவங்கதான் பிரிச்சு எடுத்தாங்க."

அவர் வலது கையை நீட்டினார். மணிக்கட்டின் உள்பக்கத்தில் நாலு நகங்கள் பதிந்து, தோல் பிறை பிறையாகக் கிழிந்திருந்தது. ஒன்றில் இன்னும் ரத்தம் கசிந்தது. கொக்கு கைக்குட்டையைத் தேடினான். அவர் வேண்டாம் என்று கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பதான் தம்பி எனக்குப் புத்தி வந்துச்சு. நான் இத்தனை நாளும் பையைப் பாத்துட்டிருந்தேன். பையை யாரு தினமும் எடுத்துட்டு வருவா? அவன் இந்தப் பொண்ணைவிடப் பலசாலி. இதைவிட அழுத்தித்தான் பிடிச்சிருப்பான். அந்த அம்மா கையில தழும்பு இருக்கும், இல்ல? அது எங்கயும் போகாது. அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம்."

அவன் சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். முதல் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. வேலை முடிந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள், ஒரு கை கம்பியில், ஒரு கை புடவையில். செமிகோலனின் அம்மா பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்றார். கம்பியைப் பற்றிய கைகள் ஒவ்வொன்றாக அவர் கண்ணெதிரே வந்து வந்து விலகின.

"நீயும் பாரு தம்பி" என்றார். "எனக்கு இருட்டுல சரியாத் தெரியல."

கொக்கு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று, இறங்குகிறவர்களின் மணிக்கட்டுகளைப் பார்க்கத் தொடங்கினான்.